பேகத்தின் கப்பலும் ஏடன் துறைமுகமும்

புதுவை லாஸ்பேட்டையில் நாம் குடியிருக்கும் இல்லத்தில் பழைய நிலப்படப் புத்தகம் ஒன்று உண்டு. நம் பாட்டனார் கடலூரில் பயின்ற நாளில் வாங்கியது. அட்டை கிழிந்து, ஓரங்கள் செல்லரித்துப் போயினும் வண்ணங்கள் மட்டும் மங்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் அரபு கற்க வரும் மாணவர்களுள் ஒருவர் அதனைப் புரட்டிக் கொண்டிருந்தபோது திடீரென நிமிர்ந்து, "ஹஜ்ரத், இது அச்சுப் பிழைதானே?" என்று வினவினார். அவர் விரல் வைத்திருந்த இடம் அரபு நாட்டின் தென்மேற்கு மூலை. அங்கே ஏடன் துறைமுகம், பம்பாய் மாகாணத்துக்குரிய அதே வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தது.

அச்சுப் பிழையன்று. பம்பாயிலிருந்து கடல் வழியே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வரபு நகரம், 1839 முதல் 1932 வரை பம்பாய் அரசாங்கத்தின் நிருவாகத்திலும், அதன்பின் 1937 ஏப்ரல் 1 வரை டில்லி அரசாங்கத்தின் நிருவாகத்திலும் இருந்தது. ஆங்கிலேயர் அங்கே இந்திய ரூபாயைச் செலாவணியாக்கினர். இந்தியச் சட்டத்தைக் கொண்டு நீதி வழங்கினர். இந்தியச் சிப்பாய்களைக் காவலுக்கு நிறுத்தினர். நகருக்கு அப்பால் பாலையிலும் மலையிலும் வாழ்ந்த அரபுக் கோத்திரங்களையும் அவற்றின் சுல்தான்களையும் ஆளாமல் ஆண்டனர். அந்த வரலாற்றின் முதல் ஏட்டில் நம் கர்நாடக நவாபின் குடும்பமே இடம் பெற்றிருக்கிறது என்பதை நம்மவருள் பலர் அறியார். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

நம் கரையில் பழகிய முறை

நாம் வாழும் இவ்வூரின் பெயரே ஓர் அந்நிய ஆளுநரின் பெயர். 1765 முதல் 1777 வரை பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராக விளங்கிய ழான் லா என்பவரின் நினைவாகவே லாஸ்பேட்டை என வழங்கலாயிற்று என்பர். அவர் காலத்துக்குச் சற்று முன்னர்த்தான் ஆர்க்காட்டு அரியணைக்காகச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போரிட்டனர். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் உரிமை பேசினர். ஒருவருக்குப் புதுவைப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவருக்குச் சென்னை ஆங்கிலேயர் துணை. 1752-இல் சந்தா சாகிபு உயிரிழந்தார். முகம்மது அலி வென்றார். வென்றவர் பெற்றது என்ன? துணைக்கு வந்தோருக்குச் செலுத்த வேண்டிய படைச் செலவும், அதற்காக வாங்கிய கடனும், அக்கடனுக்கு ஈடாகப் போன ஊர்களின் வருவாயுமே. அவருடைய பேரர் அஜீமுத்தௌலா 1801 ஜூலையில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். நாட்டின் ஆட்சி கும்பினிக்கு. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. பட்டம் இருந்தது, பீரங்கி மரியாதை இருந்தது, மானியம் இருந்தது. அதிகாரம் மட்டும் இல்லை.

இம்முறையின் அமைப்பை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம். உடன் பிறந்தோர் பிணங்குவர். மூன்றாமவர் ஒருவருக்குத் துணை நிற்பார். துணைக்கு ஓர் உடன்படிக்கை எழுதப்படும். இறுதியில் ஆட்சி கைமாறி, ஆண்டவருக்கு உதவித்தொகை எஞ்சும். வங்கக்கடற்கரையில் பழகிய இப்பாடத்தையே கும்பினியார் பின்னர் அரபுக் கடற்கரைக்கும் கொண்டு சென்றனர்.

தர்யா தௌலத்

1829-30 அளவில் பம்பாய்க்கும் சூயஸுக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியைக் குவித்து வைக்க இடைவழியில் ஒரு துறை வேண்டும். 1835-இல் சுகுத்ரா தீவில் இடம் பிடித்துப் பார்த்தனர். காய்ச்சல் படையினரை வீழ்த்தவே கைவிட்டனர். அந்நாளில் தென் அரபுக் கரையை அளந்து கொண்டிருந்த கும்பினிக் கடற்படைத் தளபதி ஹெயின்ஸ் என்பார் ஏடன் துறையின் சிறப்பைக் கண்டு அதன்மேல் கண் வைத்தார். பண்டைப் பெருமை அனைத்தும் இழந்து, சில நூறு மக்களே வாழும் சிற்றூராக அது அப்போது சுருங்கியிருந்தது. லஹஜ் நகரிலிருந்து ஆண்ட அப்தலீ கோத்திரத்துச் சுல்தான் முஹ்ஸின் பின் ஃபள்ல் அதற்கு அதிபதி.

இடம் கிடைத்தது, காரணம் கிடைக்க வேண்டியிருந்தது. 1837-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'தர்யா தௌலத்' என்னும் கப்பல் ஏடனருகே கரைதட்டி உடைந்தது. கர்நாடக நவாபின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேகத்துக்குரிய கப்பல் அது. ஜித்தாவை நோக்கிச் சரக்கும் ஹஜ்ஜுப் பயணிகளும் ஏற்றிச் சென்றது. ஆங்கிலக் கொடி பறந்தது. கரையோர மக்கள் திரண்டு வந்து கப்பலைச் சூறையாடினர். பயணிகளையும் கொள்ளையிட்டனர்; பெண்டிரையும் இழிவுபடுத்தினர். கொள்ளைப் பொருள்களில் ஒரு பகுதி ஏடன் சந்தையில் விலை பேசப்பட்டதும் உண்மை.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்காமல் கூறியாக வேண்டும். வெள்ளையர் சூழ்ச்சி என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால் அல்லாஹ்வின் இல்லத்தை நாடிச் சென்ற விருந்தினரைக் கரையில் கொள்ளையிட்டவர் வெள்ளையரல்லர். வழிப்போக்கனுக்கு 'அமான்' அளிப்பதை உயிரினும் மேலாகப் போற்றிய அரபு மண்ணில் அது நிகழ்ந்தது. அநீதி நம்மவருடையது, அதனைப் பயன்படுத்திக் கொண்டவர் அயலார்.

ஹெயின்ஸ் வந்தார், 12,000 மரியா தெரேசா வெள்ளி இழப்பீடு கேட்டார். சுல்தான் ஒரு பகுதியைப் பொருளாகத் திருப்பித் தந்து, எஞ்சியதற்குக் கடன் சீட்டு எழுதித் தந்தார். நியாயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஹெயின்ஸோ அடுத்த பேச்சைத் தொடங்கினார்: ஆண்டுக்கு 8,700 வெள்ளி தருகிறோம், ஏடனையே எங்களுக்கு விட்டுவிடுக! 1838 ஜனவரியில் முதியவரான சுல்தான் இணங்கியதாகக் கடிதம் எழுதப்பட்டது. அவர் மைந்தர் அதனை எதிர்த்து, ஹெயின்ஸைப் பிடித்து அக்கடிதத்தைப் பறிக்கத் திட்டமிட்டார் என்ற செய்தி பரவவே, பேச்சு முறிந்தது. 1839 ஜனவரி 19-ஆம் நாள் 'வோலேஜ்', 'குரூசர்' என்னும் போர்க் கப்பல்கள் ஏடனின் கோட்டையை நொறுக்கின. சில மணி நேரத்தில் நகர் வீழ்ந்தது. கரையிறங்கிய படையில் பம்பாய்ச் சிப்பாய்களும் இருந்தனர். விக்டோரியா அரசியின் ஆட்சியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய முதல் நிலம் இதுவே.

தன் அரசை அதே கும்பினியிடம் இழந்து மானியத்தில் வாழ்ந்து கொண்டிருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கப்பல், மற்றொரு முஸ்லிம் மன்னரின் துறைமுகம் பறிபோக வாயிலாயிற்று. பேகத்துக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது. அதன் பெயரால் எழுந்த பேரமோ அவருக்காக எழுந்ததன்று.

ஒன்பது கோத்திரங்கள்

நகரைப் பிடித்தபின் ஆங்கிலேயருக்கு ஒரு தொல்லை இருந்தது. ஏடன் ஒரு பாறைத் தீபகற்பம். காய்கறி, இறைச்சி, விறகு, கால்நடைத் தீனி யாவும் உள்நாட்டிலிருந்து ஒட்டகங்களில் வர வேண்டும். வழி நெடுகக் கோத்திரங்கள். அப்தலீ, ஃபள்லீ, அக்ரபீ, ஹவ்ஷபீ, அலவீ, அமீரீ, ஸுபைஹீ, யாஃபிஈ, அவ்லகீ என ஒன்பது கோத்திரங்களைக் கணக்கிட்டனர். ஒன்று வழியை அடைத்தால் நகர் பட்டினி கிடக்கும்.

இதற்கு மருந்து பணம். 1839 ஜூனில் லஹஜ் சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,500 வெள்ளி என ஒப்பந்தமாயிற்று. மற்றக் கோத்திரத் தலைவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்பத் தொகை வகுக்கப்பட்டது. இத்தொகைக்கு அங்கே 'முஷாஹரா' என்று பெயர். 'ஷஹ்ர்' எனும் மாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. மாதப்படி என்று நாம் கூறலாம். கொடுக்கப்பட்ட நாணயமோ ஆஸ்திரிய நாட்டு வெள்ளி. அரபியர் அதனை 'ரியால் ஃபிரான்ஸீ', அதாவது பிரெஞ்சு ரியால் என்று அழைத்தனர். ஆஸ்திரியாவில் அச்சாகி, ஆங்கிலேயரால் கொடுக்கப்பட்டு, பிரெஞ்சுப் பெயரால் வழங்கிய காசு! பிரெஞ்சு ஆட்சியில் வாழ்ந்த குடும்பத்தினராகிய நமக்கு இதனைப் படிக்கையில் நகை தோன்றாமல் இல்லை.

சுல்தான் முஹ்ஸின் உடனே அடங்கிவிடவில்லை. 1839 நவம்பரிலும், 1840 மே, ஜூலை மாதங்களிலும் ஏடனை மீட்கப் படை நடந்தது. மூன்று முறையும் கோட்டைச் சுவர் முன் அரபியர் மாண்டனர். முஷாஹரா நிறுத்தப்பட்டது, சில ஆண்டுகளுக்குப்பின் சுல்தான் பணிந்ததும் மீண்டும் தொடங்கிற்று. இதுவே அம்முறையின் திறவுகோல். ஒழுங்காக நடப்பவருக்குப் பணம், பிணங்குபவருக்கு நிறுத்தம், அப்போது அவருடைய பகைவருக்குப் பரிசு. அப்தலீ முரண்டினால் ஃபள்லீக்குக் கடிதம் போகும். ஃபள்லீ வழியடைத்தால் அப்தலீக்கு வெகுமதி வரும். ஹெயின்ஸ் கூலி ஒற்றர்களை வைத்து ஒவ்வொரு தலைவரின் இல்லத்துப் பேச்சையும் அறிந்து வைத்திருந்தார்.

அந்த ஹெயின்ஸின் முடிவும் கேட்கத்தக்கது. 15 ஆண்டுகள் ஏடனை நடத்தியபின், 1854-இல் கருவூலக் கணக்கில் ஏறத்தாழ 28,000 பவுன் குறைவதாகப் பம்பாயில் குற்றஞ்சாட்டப்பட்டார். நடுவர் குழு இரு முறை குற்றமற்றவர் என விடுவித்தும், கடன்காரரெனச் சிறையில் வைக்கப்பட்டார். 1860-இல் விடுதலை பெற்ற சில நாட்களில் பம்பாய்த் துறைமுகத்திலேயே உயிர் நீத்தார். பிறரைக் கணக்கில் கட்டி வைத்தவரைக் கணக்கே கட்டிப் போட்டது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1872-இல் துருக்கியர் ஸன்ஆவை மீண்டும் பிடித்துத் தெற்கே நெருங்கினர். ஆங்கிலேயருக்கு இப்போது மாதப்படி மட்டும் போதவில்லை. 1880-களிலிருந்து 'பாதுகாப்பு உடன்படிக்கை' எனும் புதிய சீட்டு வந்தது. அதன் சாரம் இதுதான்: சுல்தானை அந்நியரிடமிருந்து ஆங்கில அரசு காக்கும், சுல்தான் ஆங்கிலேயரைத் தவிர வேறெவருக்கும் நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கொடுக்கவோ கூடாது, ஏடன் அதிகாரிக்குத் தெரியாமல் அயல் அரசுகளுடன் கடிதப் போக்குவரத்தும் கூடாது. பாரசீக வளைகுடாவின் ஷைகுகளுடன் 1820, 1853, 1892 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்ட உடன்படிக்கைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. இன்று நம் பிள்ளைகள் பொருளீட்டச் செல்லும் நாடுகள் பலவற்றின் எல்லைக் கோடுகளுக்குப் பின்னால் அத்தகைய சீட்டுகள் உள்ளன.

ஹைதராபாத்திலிருந்து ஹளரமவ்த்

ஏடனுக்குக் கிழக்கே ஹளரமவ்த் உண்டு. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை மக்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று; அதே மத்ஹபைச் சார்ந்த அந்நாட்டின் ஸையிதுமார்களும் ஆலிம்களும் பல நூற்றாண்டுகளாக இந்தியக் கரைகளுக்கு வந்திருக்கின்றனர். அவர்களைப் போலவே வாளேந்திய ஹளரமிகளும் வந்தனர். ஹைதராபாத் நிஜாமின் படையில் அவர்கள் பெருந்தொகையினர். அவர்களுடைய படை வீடுகள் இருந்த இடமே அந்நகரில் இன்றும் 'பார்கஸ்' என வழங்குகிறது.

நிஜாமின் ஜமேதார்களாக இருந்த இருவரின் குடும்பங்கள், குஅய்த்தீ என்றும் கதீரீ என்றும், இந்தியாவில் ஈட்டிய பொருளைக் கொண்டு தாய்நாட்டில் அரசுகள் அமைக்க முற்பட்டன. போட்டி முற்றிப் போராயிற்று. தக்காணத்துச் சம்பளம் ஹளரமவ்த்தின் துப்பாக்கியாக மாறிற்று. குஅய்த்தீகள் 1858-இல் ஷிபாமையும், 1867-இல் ஷிஹ்ர் துறைமுகத்தையும், 1881-இல் ஆங்கிலேயரின் ஆதரவுடன் முகல்லாவையும் கைக்கொண்டனர். கதீரீகள் ஸெய்யூன், தரீம் என்னும் உள்நாட்டு நகர்களில் ஒதுங்கினர். 1882-இலும் 1888-இலும் குஅய்த்தீகள் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்தனர். துறைமுகம் யாரிடமோ அவரையே ஆங்கிலேயர் நண்பராகக் கொண்டனர். இரு குடும்பங்களும் தம்முள் ஒப்பந்தம் செய்ய 1918 வரை ஆயிற்று. அதுவும் ஏடனில், ஆங்கில அதிகாரியின் முன்னிலையில்.

காத்தவரின் குண்டு

பாதுகாப்பு என்ற சொல்லின் பொருள் 1915 ஜூலையில் விளங்கிற்று. முதல் உலகப் போரில் துருக்கியப் படை அலீ ஸயீத் பாஷாவின் தலைமையில் லஹஜை நோக்கி வந்தது. ஆங்கிலேயரின் நெடுநாள் நண்பரான லஹஜ் சுல்தான் அலீ, அவர்களை நம்பித் தம் நகரில் காத்திருந்தார். கொடிய வெயிலில் தளர்ந்து வந்து சேர்ந்த ஆங்கிலப் படையினர், இரவின் குழப்பத்தில் சுல்தானையே பகைவரென எண்ணிச் சுட்டுவிட்டனர். அவர் அக்காயத்தாலேயே மாண்டார். படை ஏடனுக்குத் திரும்பிற்று. லஹஜ் 1918-இல் போர் முடியும் வரை துருக்கியர் கையில் இருந்தது. 76 ஆண்டுக்கால உடன்படிக்கைகளின் பயனைச் சுல்தானின் குடும்பம் அன்று கண்டது.

1928-இல் ஏடனின் காவல் விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் மாதப்படி நிறுத்தத்துடன் வேறொரு தண்டனையும் சேர்ந்தது. வழிமறித்த கோத்திரத்துக்கு முதலில் எச்சரிக்கைத் தாள் விழும். அபராதம் கட்டாவிடில், குறித்த நாளில் அவர்களுடைய வீடுகளின்மேல் குண்டு விழும்.

ஸுல்ஹு

ஆயினும் நடுநிலை பிறழாது எழுத வேண்டுமாயின் ஹெரால்டு இங்கிரம்ஸ் என்னும் அதிகாரியைக் குறிப்பிட்டாக வேண்டும். 1930-களில் ஹளரமவ்த்தில் பழிக்குப் பழி எல்லை மீறியிருந்தது. எதிரியின் குண்டுக்கு அஞ்சி ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டைவிட்டு வெளிவர இயலாத ஊர்கள் இருந்தன. பதுங்கு குழி வெட்டித் தோட்டத்துக்குச் சென்றவர்களும் உண்டு. 1937-இல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்கள் மூன்றாண்டுப் போர்நிறுத்தத்தில் ஒப்பமிட்டனர். பின்னர் அது பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. 'இங்கிரம்ஸ் சமாதானம்' என உலகம் அதனை அழைத்தது. விமானக் குண்டின் அச்சமும் அதற்குப் பின்னால் இருந்தது என்பது உண்மையே. ஆனால் அதனால் பல உயிர்கள் பிழைத்தன என்பதும் உண்மையே.

அந்தச் சமாதானத்துக்கு இன்னொரு பெயரும் இருந்திருக்க வேண்டும். ஸையிது அபூபக்கர் அல்காஃப் என்னும் பெரியவர் இல்லாமல் அது நிறைவேறியிராது. அவருடைய குடும்பச் செல்வம் சிங்கப்பூரில் திரண்டது. அதனைக் கொண்டு தரீமிலிருந்து கடற்கரை வரை சாலை அமைத்தார். வழக்காடிய கோத்திரங்களுக்குத் தம் பொருளையே இழப்பீடாகக் கொடுத்துப் பகை தீர்த்தார். அவர் செய்தது புதுமையன்று. ஹளரமவ்த்தில் ஆயுதம் ஏந்தாத ஸையிதுமார்கள் 'மன்ஸப்' என்ற நிலையிலிருந்து கோத்திரங்களுக்கிடையே நடுவராக நிற்பது பழைய வழக்கம். 'ஹவ்த்தா' எனும் எல்லைக்குள் எவரும் குருதி சிந்தலாகாது என்பதும் பழைய விதி. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஹளரமவ்த்துக்கு வரும் பணம் நின்றது. தொடர்ந்து பஞ்சம் வந்தது. அல்காஃப் குடும்பத்தின் செல்வமும் வெகுவாகக் கரைந்தது.

இரு வகைப் பணத்தை வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. முஷாஹரா பெற்ற தலைவர் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்தார். தம் குடிமக்களின் முகத்தைப் பார்க்கத் தேவையற்றவரானார். பகை முற்றிலும் தீர்ந்தால் தொகையும் தீர்ந்துவிடுமோ என்ற கவலையும் அவருக்கிருந்தது. நடுவராக நின்று கொடுத்தவரின் பணமோ பகையைத் தீர்த்துவிட்டுத் தானும் தீர்ந்தது.

1937 உடன்படிக்கையில், மார்க்கமும் வழக்காறும் நீங்கலாக மற்ற அனைத்திலும் ஆங்கில ஆலோசகரின் சொற்படி நடப்பதாகக் குஅய்த்தீ சுல்தான் ஒப்புக் கொண்டார். 1801-இல் ஆர்க்காட்டு நவாபுடன் எழுதப்பட்ட சீட்டின் நிழல் இதில் தெரிகிறதன்றோ! 1967 நவம்பர் 30-இல் ஆங்கிலேயர் ஏடனை விட்டகன்றனர். அதற்கு முந்திய சில மாதங்களிலேயே சுல்தான்களின் அரசுகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. 128 ஆண்டுகள் காக்கப்பட்டவர்களுக்காகக் கலங்கி நிற்க அவர்தம் நாட்டிலேயே பெருங்கூட்டம் இல்லை. மக்களிடமிருந்து அவர்களைப் பிரித்து வைத்த பாதுகாப்பு நீங்கியதும் அவர்கள் தனியராய் நின்றனர்.

நம் மாணவர் இவையனைத்தையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் குற்றம் யாருடையது, ஹஜ்ரத்?" என்றார். கப்பலைச் சூறையாடியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நாம் சொன்னோம். அவர்களுடைய அநீதியை அவர்களுடைய சுல்தானே அன்றே நீதியுடன் தீர்த்திருந்தால், ஹெயின்ஸ் வேறு காரணம் தேடியிருப்பார். ஒருவேளை அவருக்குக் கிடைத்துமிருக்கும். ஆனால் நாமே கையில் கொடுத்திருக்க மாட்டோம்.

வாசகர்கள் இதனைத் தொலைதூரத்துக் கதையாகக் கருத வேண்டாம். நம் மஹல்லாக்களில் வக்பு நிலத்துக்காகவும், நிருவாகப் பொறுப்புக்காகவும், பாகப் பிரிவினைக்காகவும் எத்தனை குடும்பங்கள் பேச்சற்று நிற்கின்றன! இருவரும் வெல்ல வேண்டுமென்று மூன்றாமவர் வாயிலுக்குச் செல்கின்றனர். வழக்கு நடந்த பத்தாண்டில் நிலமும் போகிறது, உறவும் போகிறது. ஊரில் தன்னலமற்ற முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் திண்ணைக்கு முதலில் செல்வதில் இழிவொன்றுமில்லை. முதியவர்களும், இது நமக்கெதற்கு என்று ஒதுங்காமல், தம் கைப்பொருள் சிறிது செலவாயினும் நடுவில் நிற்க முன்வர வேண்டும்.

நிலப்படப் புத்தகத்தை மூடி வைக்குமுன் அம்மாணவர், ஆர்க்காட்டிலிருந்து ஏடனுக்குப் பென்சிலால் மெல்லிய கோடொன்று இழுத்தார். பாட்டனாரின் புத்தகமாயிற்றே என்று முதலில் நமக்கு மனம் துணுக்குற்றது. பின்னர் அழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.